நிலையான ஐபி தரும் பிராட்பேண்ட்: மாறுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி:
பழைய மடிக்கணினி ஒன்றைச் சர்வராக்கி, வீட்டுப் புகைப்படங்களை எல்லாம் அதில் வைத்திருக்கிறேன். போன மாதம் வரை வெளியிலிருந்தும் திறந்து பார்க்க முடிந்தது. இப்போது ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான வாசல்) திறந்து வைத்தும் எட்டவில்லை. ரவுட்டர் காட்டும் முகவரி 100.72 என்று தொடங்குகிறது. சேவை மையத்துக்கு மூன்று முறை பேசினேன். மூன்று முறையும் "ரவுட்டரை அணைத்துவிட்டுப் போடுங்கள்" என்றார்கள். போட்டேன். நிலையான ஐபி, அதாவது மாறாத இணைய முகவரி, தரும் இணைப்புக்கு மாறலாம் என்றிருக்கிறேன். மின்னஞ்சல் சர்வரும் வைக்க ஆசை. எதையெல்லாம் விசாரிக்க வேண்டும்?

பதில் 1:
ரவுட்டர் பாவம், அதை விட்டுவிடுங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012-இல் சிஜிநாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடும் ஏற்பாடு அது. ஐபிவி4 எனும் பழைய முறை இணைய முகவரிகளின் மையக் கையிருப்பு 2011-லேயே தீர்ந்துவிட்டது, அதன் விளைவுதான். வெளியிலிருந்து வருவது நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும். மாறும் முகவரியை ஒரே பெயரில் தேடிப் பிடிக்க உதவும் டைனமிக் டிஎன்எஸ் வைத்தாலும் பயனில்லை.

ஆகவே முதல் கேள்வி "நிலையானதா?" அல்ல, "எனக்கு மட்டுமான பொது முகவரியா?" என்பதே. பொது முகவரி கிடைத்தால், அது அவ்வப்போது மாறினாலும் புகைப்படங்களுக்கு டைனமிக் டிஎன்எஸ் போதும். அப்லோடு வேகத்தையும் கேளுங்கள். நீங்கள் வெளியிலிருந்து படம் பார்க்கும்போது ஓடுவது அதுதான்; விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டவுன்லோடு.

பதில் 2:
மின்னஞ்சல் விஷயத்தில் நான் சூடுபட்டவன். நிலையான ஐபிக்கு மாதாமாதம் கூடுதல் பணம் கட்டிய பிறகுதான் மின்னஞ்சல் சர்வர்கள் தமக்குள் அஞ்சல் அனுப்பும் போர்ட் 25 அடைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. அதைத் திறக்க வைத்தேன். அப்புறம் ரிவர்ஸ் டிஎன்எஸ், அதாவது ஐபி முகவரி எந்தப் பெயருக்கு உரியது என்று காட்டும் பதிவு. அந்தப் பதிவை நம் டொமைன் கணக்கில் மாற்ற முடியாது, முகவரியை வைத்திருக்கும் நிறுவனம்தான் போட்டுத் தர வேண்டும். அது சரியாக இல்லாமல் நான் அனுப்பியவை பாதி ஸ்பேமுக்குப் போயின, மீதி திரும்பி வந்தன. இரண்டையும் எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். அவர்கள் தரும் கருவியை பிரிட்ஜ் முறையில் (பொது முகவரி நேரே உங்கள் ரவுட்டருக்கே வரும்படி) போடுவார்களா என்றும் கேளுங்கள்.

பதில் 3:
மாற வழியே இல்லையென்றால், பொது முகவரி உள்ள சிறிய வாடகை சர்வர் ஒன்றை எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு (ஒரு விபிஎன் மென்பொருள்) சுரங்கம் போடுங்கள். இணைப்பை வீடே தொடங்குவதால் சிஜிநாட் குறுக்கே நிற்காது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இன்று வேறொரு நிறுவனத்தில் விசாரித்தேன். பொது முகவரி உண்டு, மாறும் என்றார்கள். ரிவர்ஸ் டிஎன்எஸ் என்றதும் எதிர்முனையில் நீண்ட அமைதி, பிறகு "சார், ரவுட்டரைப் பற்றியா கேட்கிறீர்கள்?" மின்னஞ்சலை இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டேன். புகைப்படங்களுக்கு இது போதும்.