மூடி இருக்கா, இல்லையா?

குடமுருட்டிக்கரை: நேற்று ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறார்: "கொல்லைச் சுவரில் ஏறுகிற பெரிய நத்தையும் நம்ம வயல் நத்தைதான். மழைக்கு ஊதிப்போயிருக்கு, பிடித்து வேகவையுங்கள்." படித்ததும் காபி புரையேறியது. அது கிழக்கு ஆப்பிரிக்க நத்தை ஐயா. மொரீஷியஸிலிருந்து 1847இல் பென்சன் என்ற வெள்ளைக்காரர் கொண்டுவந்து கல்கத்தா தோட்டத்தில் விட்டது. வயல் நத்தைக்கு வாயில் மூடி உண்டு, இதற்குக் கிடையாது.

வலங்கைமான் மாப்பிள்ளை: அந்தப் புண்ணியவான் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். மூடி கிடையாதா? சித்திரையில் வைக்கோல்போர் அடியில் நாலு எடுத்தேன், நாலுக்கும் மூடி. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

குடமுருட்டிக்கரை: அது ஜவ்வு! வெயிலில் ஓட்டுக்குள் ஒடுங்கி, சளியால் வாயை அடைத்துக்கொள்ளும். காய்ந்தால் அப்பளம் மாதிரி வெளுத்து நிற்கும், நகம் பட்டால் உடையும். வயல் நத்தையின் மூடி காலோடு ஒட்டிப் பிறந்து, கூடவே வளர்வது.

வலங்கைமான் மாப்பிள்ளை: பானை வாயைத் துணியால் கட்டினாலும் மூடிதானே?

மன்னார்குடி அத்தை: தம்பிகளா, என் பப்பாளிக் கன்று பூராவும் போச்சு. வெள்ளையடித்த சுவரைக்கூட ராத்திரியில் சுரண்டுது.

குடமுருட்டிக்கரை: ஓடு வளரச் சுண்ணாம்பு வேண்டுமே, அத்தை. சாயங்காலம் ஈரச்சாக்கு விரித்து, அடியில் பப்பாளி இலை போடுங்கள். விடிந்ததும் அங்கேதான் ஒண்டிக்கிடக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத்தண்ணீரில் போடுங்கள். மண்ணையும் கிளறிப் பாருங்கள், ஒரு ஈட்டுக்கே நூறு, இருநூறு முட்டை. சரி மாப்பிள்ளை, பானைக்கு வருவோம். துணி பானையோடு சேர்ந்து வளருமா?

வலங்கைமான் மாப்பிள்ளை: கையுறையாம்! நான் வெறுங்கையால்தான் எடுத்தேன், எனக்கென்ன ஆச்சு?

குடமுருட்டிக்கரை: எலியின் நுரையீரல் புழு இதில் தங்கும். அரைவேக்காட்டில் உள்ளே போனால் மூளைவரைக்கும் ஏறும். வேகவைக்கச் சொன்ன வாய்க்கு இதெல்லாம் எங்கே தெரியும்? விசைத்தெளிப்பானை இரவல் வாங்கிப்போய் ஒரு போகம் முடிந்தும் தராதவர்தானே நீங்கள்.

வலங்கைமான் மாப்பிள்ளை: அதை ஏன் இங்கே இழுக்கிறீர்? கொடுக்கும்போதே குழாய் ஓட்டை. மூடிக்குப் பதில் சொல்லும்.

குடமுருட்டிக்கரை: ஜவ்வு. இப்போது மழை பெய்திருக்கிறதே, கொல்லையில் ஒன்றை எடுத்து மூடியோடு படம் போடுங்கள் பார்ப்போம்.

வலங்கைமான் மாப்பிள்ளை: மழையில் திறந்துதானே இருக்கும்! சித்திரை வரட்டும், போடுகிறேன்.

குடமுருட்டிக்கரை: அதுவரை தெளிப்பானும் வராது என்று சொல்லுங்கள்.