29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு வயிறு உப்பினால் எப்போது ஃபீடை (டியூப் வழிப் பாலை) நிறுத்துவது?

கேள்வி (எஸ்.என்.சி.யு., அதாவது பச்சிளங்குழந்தை சிறப்புச் சிகிச்சைப் பிரிவு செவிலியர்)

எங்கள் யூனிட்டில் 28 முதல் 32 வாரத்தில் பிறந்த குழந்தைகள் அதிகம். ஒவ்வொரு ஃபீடுக்கு முன்பும் வயிற்றில் பழைய பால் மிச்சம் இருக்கிறதா என்று டியூபில் உறிஞ்சிப் பார்க்கிறோம். 2 மி.லி. மிச்சம் இருந்தாலே என்.இ.சி. (குறைமாதக் குழந்தைகளின் குடல் அழற்சியுற்று அழுகும் நோய்) பயத்தில் அடுத்த ஃபீடை நிறுத்திவிடுகிறோம். சி-பேப்பில் (மூக்கு வழியே அழுத்தத்துடன் காற்று தரும் மூச்சு உதவியில்) இருக்கும் குழந்தைக்கோ வயிறு எப்போதும் உப்பித்தான் இருக்கிறது. எதைப் பார்த்து உண்மையிலேயே பயப்பட வேண்டும்? 1100 கிராம் குழந்தைக்குப் பாலை எந்த வேகத்தில் கூட்டலாம்?

பதில் 1 (பச்சிளங்குழந்தை மருத்துவர்)

சிஸ்டர், வழக்கமாக உறிஞ்சிப் பார்ப்பதை முதலில் விடுங்கள். மிச்சப் பாலின் அளவு என்.இ.சி.யைக் காட்டிக்கொடுப்பதில்லை. நிறுத்தி நிறுத்திக் கொடுத்தால் முழு ஃபீடுக்கு வர நாளாகும். அத்தனை நாளும் ஐ.வி. லைன் இருக்கும், அதன் வழியே கிருமி ஏறும். வயிறு புதிதாக உப்பினாலோ வாந்தி எடுத்தாலோ மட்டும் பாருங்கள். கரும்பச்சையாகப் பித்தம் வந்தால் அளவு எவ்வளவானாலும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். குடல் முறுக்கலாகவும் இருக்கலாம்.

சி-பேப் வயிறு தொட்டால் மெத்தென்று இருக்கும், மலம் போகும், ஓ.ஜி. டியூபை (வாய் வழியே வயிற்றுக்குப் போகும் குழாயை) திறந்து வைத்தால் காற்று வெளியேறிக் குறையும். என்.இ.சி. வயிறு இறுகும், தொட்டால் குழந்தை முகம் சுளிக்கும். தோல் சிவந்தோ நீலம் பாரித்தோ இருந்தால் நோய் ஏற்கெனவே முற்றிவிட்டது.

அதற்கு முன்பே கிடைக்கும் அறிகுறிகள் பலவும் வயிற்றுக்கு வெளியே இருக்கின்றன: அப்னியா (மூச்சு இடையிடையே நிற்பது) அதிகமாவது, நாடித்துடிப்பு விழுவது, உடல் வெப்பம் ஏறி இறங்குவது, நேற்றுவரை கைகால் உதைத்த குழந்தை துவண்டு கிடப்பது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால், வயிறு சாதாரணமாகத் தெரிந்தாலும் முழுப் பரிசோதனை செய்ய வேண்டும். முதல் வாரம் தாண்டிவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். எவ்வளவு குறைமாதமோ அவ்வளவு தாமதமாக வரும். 26 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு மூன்றாவது, நான்காவது வாரத்திலும் வரும்.

ஃபீட் கணக்கு: தொடக்கத்தில் நாளுக்குக் கிலோவுக்கு 20 மி.லி. 1100 கிராமுக்கு 22 மி.லி.; இரண்டு மணிக்கு ஒருமுறை கொடுத்தால் ஒரு ஃபீடுக்குச் சுமார் 1.8 மி.லி. பிறகு நாளுக்குக் கிலோவுக்கு 30 மி.லி. கூட்டலாம், அதாவது ஒரு ஃபீடுக்குச் சுமார் 2.7 மி.லி. 2019இல் வெளியான பிரிட்டனின் பெரிய ஆய்வில் 18 மி.லி., 30 மி.லி. என்ற இரு வேகங்களுக்கும் என்.இ.சி.யில் வேறுபாடு தெரியவில்லை. கிலோவுக்கு 150 மி.லி. வரும்போது ஒரு ஃபீட் சுமார் 14 மி.லி. ஆகும்.

பதில் 2 (தாய்ப்பால் வங்கி செவிலியர்)

வேகத்தைவிட எந்தப் பால் என்பது முக்கியம். பிரசவமான முதல் சில மணி நேரத்துக்குள் அம்மாவைப் பால் பீய்ச்ச வையுங்கள், பிறகு இரவு உட்பட நாளுக்கு 8 முறை. சீம்பால் சொட்டுச் சொட்டாக வந்தாலும் வீணாக்க வேண்டாம்; 0.1 மி.லி. வீதம் இரண்டு கன்னத்தின் உட்புறமும் தடவலாம், வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்கும்.

போதாவிட்டால் தானப் பால் (வேறு தாய்மார் வங்கிக்குக் கொடுத்த பால்). 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவதால் அதன் உயிரணுக்கள் அழியும், எதிர்ப்புப் புரதங்களிலும் ஒரு பங்கு போகும். ஆனாலும் ஃபார்முலாவைவிட (டப்பாப் பாலைவிட) என்.இ.சி. குறைவு. தானப் பால் இருக்கிற இடத்தில் ஃபார்முலாவைக் கையில் எடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி டாக்டர், நன்றி சிஸ்டர். சந்தேகம் வந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? புரோபயாட்டிக் (குடலுக்கு நல்ல நுண்ணுயிர் மருந்து) கொடுக்கலாமா?

பதில் 3 (பச்சிளங்குழந்தை மருத்துவர்)

ஃபீடை நிறுத்தி, 8 ஃப்ரெஞ்ச் (குழாயின் பருமன் அளவு) ஓ.ஜி. டியூப் போட்டுத் திறந்து விடுங்கள். மெல்லிய ஃபீடிங் டியூபில் காற்று சரியாக வெளியேறாது. ஐ.வி. திரவம், ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை), ரத்த அணு எண்ணிக்கை, சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை), பிளட் கேஸ் (ரத்தத்தின் வாயு, அமில அளவு), எலக்ட்ரோலைட் (உப்புகளின் அளவு), பிறகு ஆன்டிபயாட்டிக். பிளேட்லெட் (ரத்தம் உறையச் செய்யும் அணு) மளமளவென்று இறங்குவதும் அமிலத்தன்மை ஏறுவதும் மோசமாகிறது என்பதன் அடையாளம்.

எக்ஸ்ரே இரண்டு வேண்டும்: மல்லாந்த நிலை, இடப்பக்கம் கீழே சாய்த்த நிலை. குடல் சுவருக்குள் காற்றுக் குமிழ் தெரிந்தால் நோய் உறுதி. கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே காற்று தெரிந்தால் குடல் ஓட்டை, அறுவை மருத்துவரை அப்போதே கூப்பிட வேண்டும். முதல் படம் சுத்தமாக இருந்தாலும் 6 முதல் 8 மணி நேரத்தில் மறுபடி எடுங்கள்.

புரோபயாட்டிக்கில் எந்த வகை நுண்ணுயிர், எவ்வளவு சுத்தம் என்பதில்தான் எல்லாம். ஒரு குறைமாதக் குழந்தை இறந்த பிறகு 2023இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. கடையில் கிடைக்கும் பாக்கெட்டை வார்டில் பிரித்துக் கொடுக்காதீர்கள். பிறந்த முதல் நாள் தொடங்கிய ஆன்டிபயாட்டிக்கை, கல்ச்சரில் கிருமி வளராமல் குழந்தையும் நன்றாக இருந்தால், 48 மணி நேரத்தில் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். நாள் கூடக்கூட என்.இ.சி. ஆபத்தும் கூடுகிறது. ரானிடிடின் போன்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் அப்படியே.