முட்டம் கடலோர வீட்டுக் கேட்: அடிப்பைப்பில் வெல்டு வைத்தால் ஓட்டை பெருசாகுது, உதவி தேவை

கடலோரவீடு:
வணக்கம். வீடு கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்துல, கடல் கூப்பிடு தூரம். ரெண்டு கதவு இரும்பு கேட். ஒவ்வொண்ணும் 5 அடி அகலம், 5 அடி உயரம். சட்டம் 40க்கு 40 சதுர பைப்பு, 1.6 எம்எம் கனம். நடுவுல 12 எம்எம் சதுரக் கம்பி. மேல்சட்டமும் கம்பியும் நல்லா இருக்கு. அடிப்பைப்புல மட்டும் பெயின்ட் கொப்புளம் கொப்புளமா தூக்கியிருக்கு, ஸ்க்ரூடிரைவர் வச்சு அமுக்கினா உள்ளே போகுது.

கையில 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின், 4 இஞ்ச் கிரைண்டர், 2.5 எம்எம் 6013 வெல்டிங் ராடு இருக்கு. 90 ஆம்பியர்ல வச்சா ஓட்டை பெருசாகிட்டே போகுது. 60க்கு இறக்கினா ராடு ஒட்டிக்கிடுது. இதை எப்படி அடைக்கிறது? மேல என்ன பெயின்ட் அடிச்சா உப்புக்காத்துக்கு நிக்கும்? சனி, ஞாயிறு மட்டும்தான் வேலை பார்க்க முடியும்.

தேங்காய்மட்டை:
ரொம்ப சின்ன ஓட்டைன்னா எபாக்ஸி புட்டி வச்சு அடைச்சு, தேய்ச்சு, பெயின்ட் அடிச்சிரலாமே? வெல்டிங்கே வேண்டாம்.

பட்டறைத்தூசி:
புட்டி வேண்டாம். ஓட்டை விழுந்தது வெளியில இருந்து இல்ல, உள்ளே இருந்து. பைப்புக்குள்ள தேங்குன உப்புத்தண்ணிதான் அடிப்பக்கத்தைத் தின்னிருக்கு. வெளியில அடைச்சா அந்தத் தண்ணி வெளியேற இருந்த ஒரே வழியும் போச்சு, மிச்ச இரும்பு இன்னும் வேகமா போகும்.

கடலோரவீடு, உங்க கைப்பழக்கத்துல குறை இல்ல. 1.6 எம்எம்னு வாங்குன பைப்பு இப்ப அந்த இடத்துல முக்கால் எம்எம் கூட இருக்காது. உருக்க இரும்பே இல்லாத இடத்துல எந்த ஆம்பியர் வச்சாலும் ஓட்டைதான். ஓட்டை அடைக்கிற யோசனையை விட்டுட்டு அடிப்பைப்பை முழுசா வெட்டி மாத்துங்க. சின்ன சுத்தியலால அடிப்பைப்பையும், பக்கச்சட்டத்தோட கீழ்ப்பகுதியையும் தட்டிக்கிட்டே மேல வாங்க. கணீர்னு கேக்குற இடம் நல்ல இரும்பு, சத்தம் மந்தமா அடங்குற இடம் போன இரும்பு. நல்ல இடம் தொடங்கி இன்னும் 2 இஞ்ச் மேல தள்ளி வெட்டுக்கோடு போடுங்க. பக்கச்சட்டம் பெரும்பாலும் அடியில இருந்து நாலஞ்சு இஞ்ச் போயிருக்கும். அங்கே புதுத்துண்டு ஒட்டணும்.

ராடு ஒட்டுறதுக்கு வேற காரணம் இருக்கு. எர்த் கிளாம்பை பெயின்ட் மேலயோ துரு மேலயோ மாட்டியிருப்பீங்க. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையா தேய்ச்சு, வெல்டு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துல மாட்டுங்க. ரெண்டாவது, பாக்கெட் பிரிச்ச ராடு கடலோரத்துல ஈரம் குடிச்சிரும். சமையலுக்கு எடுக்காத பழைய ஓவன் இருந்தா 100 டிகிரி சுத்துல ஒரு மணி நேரம் காய வச்சு, மூடியுள்ள டப்பாவுல போட்டு வைங்க.

கடலோரவீடு:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. அப்ப எந்தப் பைப்பு வாங்கட்டும்? அதே 1.6 போதுமா? ஜிஐ பைப்பு போட்டா துருவே வராதுன்னு கடையில சொல்லுதாங்க.

பட்டறைத்தூசி:
2 எம்எம் எடுங்க. பைப்பு 6 மீட்டர் நீளத்துல வரும். ரெண்டு கதவுக்கும் அடிப்பைப்பு 3 மீட்டர், பக்கச்சட்டத்துக்கு நாலு துண்டு, எல்லாம் ஒரே நீளத்துல அடங்கிரும். கோட்டாறு கடையோ மார்த்தாண்டம் கடையோ, எங்கே வாங்குனாலும் தராசுல வச்சுப் பாத்துக்கிடுங்க. 40க்கு 40, 2 எம்எம் பைப்பு முழு நீளம் 14 கிலோ சுத்துல நிக்கணும். பதினொன்றரை, பன்னிரண்டு கிலோ காட்டுனா அது 1.6. வாய்ச்சொல்லு 2 எம்எம்மா இருக்கும், பைப்பு இருக்காது. வெட்டுவாயில வெர்னியர் வச்சு அளந்தா இன்னும் நல்லது.

ஜிஐ பைப்பு உள்ளேயும் துத்தநாகப் பூச்சு இருக்குறதால அடிப்பைப்புக்கு நல்லதுதான். ஆனா வெல்டு வைக்கிற இடத்துல ரெண்டு பக்கமும் ஒரு இஞ்சுக்கு பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டுத்தான் தீ வைக்கணும். துத்தநாகம் 907 டிகிரியில கொதிச்சு ஆவியாயிரும், இரும்பு உருகுறதுக்கு 1500 டிகிரி வேணும். அதனால வெல்டுக்குள்ள குமிழி குமிழியா ஓட்டை நிக்கும், வெள்ளைப் புகையும் வரும். அந்தப் புகையைச் சுவாசிச்சா சில மணி நேரம் கழிச்சு குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். பால் குடிச்சா ஒண்ணும் செய்யாதுன்னு பட்டறையில சொல்லுவாங்க, நம்பாதீங்க. பால் வயித்துக்குத்தான் போகும், புகை போறது நுரையீரலுக்கு. திறந்த வெளியில, காத்து பக்கவாட்டுல வர்ற மாதிரி நின்னு, நல்ல மாஸ்க் போட்டுச் செய்யணும். பூச்சு போன வெல்டு இடத்துல துத்தநாகம் கூடுதலா உள்ள டச்சப் பெயின்ட் ரெண்டு கோட்டு.

ஆரல்காத்து:
நான் சேர்க்கிற விஷயம்: வெட்டுறதுக்கு முன்னாடி கேட்டோட வடிவத்தைப் பிடிச்சு வைங்க. அடிப்பைப்பை உருவிட்டா ரெண்டு பக்கச்சட்டமும் விரிஞ்சிரும், பிறகு சேர்க்க முடியாது. கதவைக் கீல்ல இருந்து கழற்றி, சமதரையில மூணு இடத்துல முட்டு வச்சுக் கிடத்துங்க. அடிப்பைப்புக்கு ஒரு சாண் மேல, ஒரு பக்கச்சட்டத்துல இருந்து மறுபக்கச்சட்டத்துக்கு ஒரு எல் ஆங்கிளைக் குறுக்கே டேக் (தற்காலிகமா வைக்கிற சின்னப் புள்ளி வெல்டு) வச்சுப் பிடிங்க. மூலைக்கு மூலை ரெண்டு குறுக்களவையும் எழுதி வைங்க. புது பைப்பு வச்ச பிறகு அந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு 2 எம்எம்முக்குள்ள சரியா இருக்கணும்.

பழைய கேட்டுல பெரும்பாலும் பைப்புல துளை போட்டுக் கம்பியை உள்ளே செருகியிருப்பாங்க. அந்தத் துளை வழியாத்தான் தண்ணி உள்ளே இறங்குது. புதுசுல துளை போடாதீங்க. கம்பியை நேரா வெட்டி, பைப்பு மேல உக்கார வச்சு, நாலு பக்கமும் இடைவெளி விடாம வெல்டு வைங்க. ஒரு பக்கம் மட்டும் வச்சா மறுபக்க விரிசல்ல உப்பு உக்காந்து அங்கே இருந்து தொடங்கும்.

இதைவிட முக்கியம், புதுப் பைப்போட அடியில, ரெண்டு முனைக்கும் பக்கத்துல, 8 எம்எம் துளை ஒவ்வொண்ணு போடுங்க. மாட்டுறதுக்கு முன்னாடியே போட்டு, பிசிறை அரத்தால எடுத்திருங்க. முனைகளைத் தகடு வச்சு முழுசா அடைச்சாலும் ராத்திரிக் குளிர்ச்சியில உள்ளே ஈரம் வேர்க்கும், அது வடிய வழி வேணும். பெயின்ட் அடிக்கும்போது துளை அடைபட்டிரும், பிறகு ஒரு கம்பி விட்டுத் திறந்து விடுங்க.

கடலோரவீடு:
இப்ப ஆம்பியர் எவ்வளவு வைக்கட்டும்? கம்பி 12 எம்எம் கட்டி, பைப்பு 2 எம்எம். கம்பி பிடிச்சா பைப்பு ஓட்டையாகும் போல இருக்கே.

பட்டறைத்தூசி:
2 எம்எம் ராடு வாங்கிக்கிடுங்க, கேட் வேலைக்கு அதுதான் சுகம். 45ல இருந்து 55 ஆம்பியருக்குள்ள. 2.5 ராடுதான் இருக்குன்னா 65ல இருந்து 75. உங்க மிஷின் டிசி, அதனால ஹோல்டரை மைனஸ்லயும் எர்த்தை பிளஸ்லயும் மாட்டுங்க. அப்படி வச்சா வெல்டு ரொம்ப ஆழமா இறங்காது, மெலிசான பைப்புக்கு அதுதான் தோது.

தீ எங்கே வைக்கணும்ங்கிறதுதான் விஷயம். நுனியைக் கம்பி மேல பிடிச்சு உருகவிட்டு, அந்த உருகுன குட்டையைப் பைப்பு மேல கொஞ்சமா இழுங்க. உடனே கம்பிக்கே திரும்பிருங்க. பைப்பு மேல ஒரு விநாடிக்கு மேல நிக்கக்கூடாது. ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடைவெளி ராடோட கனம் அளவுக்குள்ள இருக்கணும், கையைத் தூக்குனா சூடு பரவி ஓட்டை விழும். ஒரு கம்பிக்கு வச்சதும் பக்கத்துக் கம்பிக்குப் போகாதீங்க. இந்த முனை, அந்த முனை, நடு, இப்படி மாத்தி மாத்தி வச்சா பைப்பு வளையாது. முதல்ல எல்லாக் கம்பிக்கும் டேக், பிறகு குறுக்களவு பாத்துட்டு, பிறகு முழு வெல்டு.

பக்கச்சட்டத்துல பழைய பைப்பும் புதுப் பைப்பும் சேருற இடம்தான் கஷ்டமான இடம். பழையது மெலிசு. உள்ளே நுழையுற அளவுள்ள ஒரு சதுரத்துண்டை ரெண்டு பக்கமும் 2 இஞ்ச் போற மாதிரி செருகி, 2 எம்எம் இடைவெளி விட்டுச் சேருங்க. செருகுன துண்டு அடியில தாங்குறதால ஓட்டை விழாது. அரை இஞ்ச் வச்சு நிறுத்தி, சிவப்பு மங்குனதும் எதிர்ப்பக்கம் அரை இஞ்ச். நிமிர்ந்து நிக்கிற பைப்புன்னா மேல இருந்து கீழ இழுங்க, 6013 ராடுக்கு மெலிசான இரும்புல அது ஒத்துவரும்.

வெல்டு மேல படியுற கசடை, அதான் ஸ்லாக்கை, சுத்தியலால தட்டி, கம்பி பிரஷ் போட்டு முழுசா எடுங்க. மூலையில தங்குன ஸ்லாக் மேல அடிச்ச பெயின்ட் கையோட பிரிஞ்சு வரும்.

ஆரல்காத்து:
மின்சாரம் பத்தி ஒரு வார்த்தை. 70 ஆம்பியர் வெல்டுக்கு வீட்டு லைன்ல 10ல இருந்து 12 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் போதும், 6 ஆம்பியர் பிளக்குல மாட்டாதீங்க. நீட்டிப்பு வயர் 2.5 சதுர எம்எம் செம்பு. சுருளைப் பிரிச்சு முழுசா விரிச்சுப் போடுங்க, சுருட்டியே வச்சா சூடேறி உருகும். தரை நனைஞ்சிருந்தா வேலையைத் தள்ளி வைங்க. ஹோல்டர்ல தீ இல்லாத நேரத்துலயும் 60ல இருந்து 80 வோல்ட் நிக்கும், ஈரக்காலோட நின்னா ஷாக் அடிக்க அது போதும். கிரைண்டர் கார்டைக் கழற்றாதீங்க, 4 இஞ்ச் மிஷின்ல 5 இஞ்ச் டிஸ்க் மாட்டாதீங்க. பொறி பறக்குற பக்கம் ஓலை, சகிரி (தேங்காய் நார்), கார் எதுவும் இருக்கக்கூடாது. கண்ணாடியில ஒட்டுன பொறி பிறகு போகவே போகாது.

தேங்காய்மட்டை:
காத்து அடிக்கிற இடத்துல, ராடுக்குப் பதிலா கேஸ் விட்டு வெல்டு வைக்கிற மிக் மிஷின் எடுத்தா இன்னும் சுலபமா இருக்குமா?

ஆரல்காத்து:
கடலோரத்துலயும் எங்க ஆரல்வாய்மொழியிலயும் அது சரிவராது. லேசான காத்துலயே கேஸ் கலைஞ்சு வெல்டு முழுக்கத் துளையாகும். ராடுல பூச்சு எரிஞ்சு அதுவே மூடி வைக்கிறதால காத்தைக் கொஞ்சம் தாங்கும். அதுக்கும் ஒரு பக்கம் தார்ப்பாய் கட்டுனா நல்லது.

பெயின்ட்படலம்:
வெல்டிங் பத்தி எல்லாம் வந்திருச்சு. கடலோரத்துல கேட் நிக்கிறதும் போறதும் இனிமே சொல்லுறதுலதான்.

இரும்புல படிஞ்ச உப்பைக் கழுவாம கிரைண்டர் வைக்காதீங்க. வயர் வீல் துருவை மினுக்கும், குழிக்குள்ள உள்ள உப்பை அமுக்கி விடும். அதுக்கு மேல எந்தப் பெயின்ட் அடிச்சாலும் உப்பு காத்துல உள்ள ஈரத்தைப் படலம் வழியா இழுத்துக் கொப்புளமாக்கும். உங்க பழைய பெயின்ட்ல வந்த கொப்புளம் அதுதான். சோப்பு போட்டுத் தேய்ச்சு, நல்ல தண்ணியில ரெண்டு தடவை கழுவணும். கரையோரத்துக் கிணத்துத் தண்ணி பல இடத்துல உவர்ப்பு, அதை எடுக்காதீங்க. குடிதண்ணி, இல்லேன்னா பிடிச்சு வச்ச மழைத்தண்ணி. கழுவிக் காய வச்சு, துருவைத் தேய்ச்சு, திரும்பவும் கழுவித் துடைச்சு, அன்னைக்கே பிரைமர். ராத்திரி வெறும் இரும்பா விட்டா காலையில மஞ்சள் படிஞ்சிருக்கும்.

ரெட் ஆக்ஸைடு பிரைமரும் எனாமலும் கடலை விட்டுத் தள்ளியிருக்குற ஊர்ல போதும், முட்டத்துக்குப் போதாது. ரெண்டு டப்பா கலக்குற எபாக்ஸி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் ரெண்டு கோட்டு, அதுக்கு மேல பாலியூரித்தேன் ரெண்டு கோட்டு. எபாக்ஸியை மட்டும் விட்டா வெயில்ல சுண்ணாம்பு மாதிரி பொடியும், அதனால மேல்கோட்டு கட்டாயம். ஜிங்க் ரிச் பிரைமர் நல்லதுன்னு சொல்லுவாங்க. அது மணல் பீய்ச்சி வெள்ளையாக்குன இரும்புக்குத்தான் வேலை செய்யும், துத்தநாகம் நேரா இரும்பைத் தொடணும். கம்பி பிரஷ் போட்ட துரு மேல அடிச்சா காசுதான் வீண்.

மேல்சட்டத்துல பழைய எனாமல் இருக்குமே, அது மேல எபாக்ஸி போட்டா சுருங்கித் தூக்கும். முழுசா சுரண்டி எடுங்க. ஜிஐ பைப்பு போட்டீங்கன்னா அது மேல நேரா எனாமல் அடிக்கக் கூடாது, கொஞ்ச நாள்ல தகடு தகடா உரியும். 120 நம்பர் பேப்பரால லேசா தேய்ச்சு, ஜிஐக்குன்னு எழுதியிருக்குற எபாக்ஸி பிரைமர் போடுங்க.

அளவு: ரெண்டு கதவும் சேர்ந்து 4 சதுர மீட்டர் சுத்துல வரும். கம்பி வேலையில சிந்துறது கூடுதல், அதனால ரெண்டு கோட்டு பிரைமருக்கு ஒன்றரை லிட்டர் வாங்குங்க. டப்பாவுல போட்டிருக்குற விகிதத்தை அளந்தே கலக்குங்க, கண்ணளவு வேண்டாம். ஒரு மணி நேரத்துல தீர்க்க முடியுற அளவுக்கு மட்டும் கலக்குங்க. முதல்ல வெல்டு, மூலை, விளிம்பு எல்லாத்துக்கும் சின்ன பிரஷ்ல ஒரு கோட்டு, பிறகு முழுக்க. விளிம்புல பெயின்ட் தானா மெலிஞ்சிரும், துரு முதல்ல தலைகாட்டுறது அங்கேதான்.

கடலோரவீடு:
சனி ஞாயிறு கணக்குல எப்படிப் பிரிக்கட்டும்? ஒரு வாரம் இடைவெளி வந்தா பிரைமர் மேல அடுத்தது பிடிக்குமா? எந்த மாசம் செய்யலாம்?

பெயின்ட்படலம்:
முதல் வாரம் வெட்டி வெல்டு வைங்க. அந்த வெல்டு ஒரு வாரம் துருப்பிடிச்சாலும் பரவாயில்ல, எப்படியும் கழுவித் தேய்க்கப் போறீங்க. ரெண்டாவது வாரம் சனிக்கிழமை கழுவி, தேய்ச்சு, முதல் பிரைமர், ஞாயிறு ரெண்டாவது. மேல்கோட்டுக்கு மூணாவது வாரம் வரும்போது எபாக்ஸி நல்லா இறுகியிருக்கும், நேரா அடிச்சா ஒட்டாது. 180 நம்பர் பேப்பரால மினுக்கம் போற வரைக்கும் தேய்ச்சு, நல்ல தண்ணியில துடைச்சு, காஞ்ச பிறகு அடிங்க. இடையில கேட்டைத் தார்ப்பாய்ல சுத்தி வைக்காதீங்க, உள்ளே வேர்க்கும். காத்தோட்டமா, கடல்பக்கம் படாத மறைவுல வைங்க.

நம்ம ஜில்லாவுக்கு ரெண்டு மழையும் உண்டு. ஜூன்ல தொடங்குற மழையில கடல்காத்து நேரா முகத்துல அடிக்கும், அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரைக்கும் ஈரம். ஜனவரி கடைசியில இருந்து மார்ச் வரைக்கும்தான் தோது. அப்பவும் காலையில இரும்பு மேல பனி காயுற வரைக்கும், ஒரு பத்து மணி வரைக்கும், பிரஷ் எடுக்காதீங்க. சாயங்காலம் நாலு மணிக்குப் பிறகு அடிச்சா காயுறதுக்குள்ள ஈரம் இறங்கி மேல்கோட்டு மங்கிரும்.

பட்டறைத்தூசி:
கதவைத் திரும்ப மாட்டும்போது ரெண்டு விஷயம். அடிப்பைப்புக்கும் தரைக்கும் 3 இஞ்ச் இடைவெளி விடுங்க, முற்றத்துத் தண்ணியும் மணலும் பைப்புல உரசக்கூடாது. கதவு தொங்குற பழக்கம் இருந்தா மேல்கீல் மூலையில இருந்து எதிர்ப்பக்கக் கீழ்மூலைக்கு ஒரு 25க்கு 5 எம்எம் இரும்புப் பட்டையை இழுத்துப் பிடிச்சு வெல்டு வைங்க, பெயின்டுக்கு முன்னாடி. கீல் பின்னுக்கு கிரீஸ் போட்டா வெளியில வழியுறதைத் துடைச்சிருங்க. மிச்சம் விட்டா கடல்மணலைப் பிடிச்சு வச்சு, பின்னையே அரம் போட்ட மாதிரி தேய்ச்சிரும்.