நிபோங் திபால் வீட்டை விற்றுவிட்டு ஜார்ஜ் டவுன் அடுக்குமாடிக்குப் போகலாமா?

கிரியான்கரை டீச்சர்:

வணக்கம். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பினாங்கின் பெருநிலப் பகுதியில், நிபோங் திபாலில் ஒற்றை மாடித் தாமான் (குடியிருப்புப் பேட்டை) வீடு. பின்வேலிக்கு அப்பால் ஒரு காலத்தில் ரப்பர். அப்பா அங்கேதான் பால்மரம் வெட்டினார். இப்போது முழுக்கச் செம்பனை. மகன் சிங்கப்பூரில், மகள் கோலாலம்பூரில். வீட்டில் நானும் ஒரு வீணையும்தான்.

என் தொல்லையெல்லாம் கடைசி கொமியூட்டர் ரயில்தான். கடலுக்கு அந்தப் பக்கம், தீவிலுள்ள ஜார்ஜ் டவுனில் இரவு எட்டரைக்குக் கச்சேரி என்று அழைப்பிதழில் போடுவார்கள். பிரமுகர் வந்து, மாலை போட்டு, ஒன்பதுக்குத்தான் தொடங்குவார்கள். தனி ஆவர்த்தனம் வரும் நேரத்தில் நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பேன். பிறகு பெர்ரி, பட்டர்வொர்த் நிலையம், ரயில். தில்லானா கேட்டுப் பல காலம் ஆகிவிட்டது. பாலத்தில் இரவில் கார் ஓட்டக் கண் இடம் கொடுக்கவில்லை. 2023இல் விட்ட புதிய பெர்ரிகளில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும்தான். காரோடு ஏறிப் போன காலமும் முடிந்தது.

அதனால் வீட்டை விற்று, ஹின் பஸ் டிப்போ கலைக்கூடம், லெபோ பசார் கடைத்தெரு, குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்க நினைக்கிறேன். "அங்கே சுற்றுலாப் பயணிகள்தான் இருக்கிறார்கள், அம்மா" என்கிறான் மகன். அவன் அப்படிச் சொன்னதாலேயே ஆசை கூடிவிட்டது. அங்கே குடியிருப்பவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். வீட்டுத் தரகர்கள் தயவுசெய்து ஒதுங்கி நிற்கவும்.

ஒன்பதாம் மாடி:

டீச்சர், நான் தரகன் இல்லை. துறைமுகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். ஜாலான் மெகசின் பக்கம் குடியிருக்கிறேன். யுனெஸ்கோ பாரம்பரிய வட்டாரத்துக்குள் 18 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டடம் எழுப்ப முடியாது. ஆகவே 'நகரின் இதயத்தில்' என்று விளம்பரம் செய்யும் கோபுரங்கள் பெரும்பாலும் அந்த வட்டாரத்தின் விளிம்பில்தான் நிற்கும். அதனால் நட்டமில்லை, நடந்துவிடலாம், மழை என்றால் நகரைச் சுற்றும் இலவச கேட் (CAT) பஸ் இருக்கிறது.

ஹின் உண்மையிலேயே பஸ் டிப்போவாக இருந்த கட்டடம். 1947இல் கட்டியது, 2014 முதல் கலைக்கூடம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஓவியம், பீங்கான், சோப்பு, ரொட்டி எல்லாம் கிடைக்கும். விலை நம் மளிகைக்கடைக் கணக்குக்கு ஒத்துவராது. சுற்றிப் பார்க்கக் காசில்லை. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்தும், 2017 முதல் தங்க ரதம் குவீன் ஸ்திரீட் கோயிலிலிருந்தும் புறப்படும். காரை நிறுத்த இடம் தேடாமல் விடியற்காலையில் நடந்தே போய் நிற்கிற சுகத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் கலைக்காக வருகிறவர்கள் கட்டடத்தைப் பார்ப்பதில்லை. வீடு பார்க்கப் போனால் மாதிரி வீட்டின் சோபாவில் உட்காராதீர்கள். மின்தூக்கிக்குப் பக்கத்தில் உள்ள அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நில்லுங்கள். பராமரிப்புக் கட்டண பாக்கிதாரர் பட்டியல் ஒட்டியிருப்பார்கள். அது மூன்று தாளுக்கு நீண்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அடுத்த ஆண்டு அந்த மின்தூக்கி ஓடாது. என் வீடு 850 சதுர அடி. சதுர அடிக்கு 30 சென் வீதம் மாதம் 255 ரிங்கிட், அதில் 10 விழுக்காடு கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமநிதிக்காக மேலும் 25 ரிங்கிட் 50 சென். ஓய்வூதியத்திலிருந்து ஆயுள் முழுவதும் இது போகும். தாமான் வீட்டில் இந்தச் செலவு உங்களுக்கு இல்லை.

குளியலறைக் கூரை ஒழுகினால் பயப்பட வேண்டாம். புகார் கொடுத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் தெரியும் வரை மேல் வீட்டில்தான் கோளாறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். மேல் வீட்டுக்காரர் சீனாவில், ஷென்சென்னில் இருந்தால் என்ன செய்வது என்று சட்டம் சொல்லவில்லை. அது என் அனுபவம்.

மகன் சொன்னதும் முழுப் பொய்யில்லை. நாள் வாடகைக்கு விடும் வீடு பக்கத்தில் இருந்தால் இரவு இரண்டு மணிக்குப் பெட்டிச் சக்கரங்கள் ஓடுகளின் இடுக்குகளில் தடதடவென்று ஏறி இறங்கும் சத்தம் கேட்கும். நாங்கள் தீர்மானம் போட்டு அதை நிறுத்திவிட்டோம். நிர்வாகக் குழு அப்படி விதி செய்யலாம் என்று கூட்டரசு நீதிமன்றமே 2020இல் தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் பார்க்கும் கட்டடத்தில் அந்த விதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

லெபோ கிங் பேரன்:

டீச்சரம்மா, எங்கள் தாத்தா லெபோ கிங்கில் தையல் கடை வைத்து மேலே குடியிருந்தார். போருக்கு முந்திய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. 2000 பிறந்ததும் அது போனது. எங்களுடைய வாடகை பல மடங்கு ஏறியது. நகருக்கு வெளியே பாயா தெருபோங் போய்விட்டோம். 2008இல் யுனெஸ்கோ அறிவிப்பு வந்தது, 2010இல் கலைவிழா வந்தது, 2012இல் சுவரில் ஓவியம் வந்தது. நாங்கள் வெளியேறிய பிறகு ஊருக்குச் சோடனை!

இருந்தாலும் நீங்கள் போங்கள் என்றுதான் சொல்வேன். சுவர் ஓவியத்துக்கு முன் நின்று படம் எடுப்பவர் ஒரு கட்டுக் கீரை வாங்க மாட்டார். குடியிருக்க ஆள் இல்லாவிட்டால் அந்தக் காய்கறிக் கடையும் ஒரு நாள் காப்பிக் கடையாகிவிடும். ஏற்கெனவே பாதி ஆகிவிட்டது.

சுங்கை பாக்காப் ராணி:

அக்கா, விற்காதீர்கள். தாமான் வீட்டை வாடகைக்கு விட்டு, அங்கே ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் திரும்பி வர ஒரு கதவு வேண்டும். பொங்கலுக்கு எங்கே அடுப்பு மூட்டுவீர்கள்? என் தங்கை கொண்டோவில் வாசலில் கோலம் போட்டாள். நடைவழி பொதுச் சொத்து என்று துப்புரவுப் பெண் எட்டு மணிக்கே துடைத்துவிட்டார். பாவம், அந்தப் பெண்ணும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் துடைத்தாராம்.

கிரியான்கரை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ராணி, நீ சொல்வது சரி, விற்பதைத் தள்ளிப்போடுகிறேன். கோலத்துக்குத் தட்டு வைத்துக்கொள்வேன். தையல் கடைத் தம்பி, கீரை நான் வாங்குகிறேன். ஒன்பதாம் மாடி ஐயாவுக்கு ஒரு கேள்வி: நான் விடியற்காலை ஐந்து மணிக்கு வீணை சாதகம் செய்கிறவள். இங்கே செம்பனை மரங்கள் புகார் சொல்வதில்லை. அங்கே?

ஒன்பதாம் மாடி:

ஐந்து மணி நடக்காது, டீச்சர். அண்டை வீட்டாருக்கு இடைஞ்சல் கூடாது என்று கட்டட விதியிலேயே இருக்கிறது. புதிய கட்டடங்களில் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டுக் கைப்பேசி அதிர்வதுகூடக் கேட்கும். ஏழரைக்கு மேல் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் வம்பில்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள் வீணையைக் கையோடு கொண்டுவாருங்கள். உரிமையாளரிடம் சொல்லி, காலி வீட்டில் அரை மணி நேரம் வாசியுங்கள். நான் நடைவழியிலும் கீழ் மாடியிலும் நின்று எவ்வளவு கேட்கிறது என்று சொல்கிறேன். சனிக்கிழமை காலை என்றால் அக்கம்பக்கத்தார் வீட்டில் இருப்பார்கள்.