வண்டி அவனிடம், தவணை என்னிடம்

கோவையிலிருந்து:

நான் காதலித்தவனுக்கு சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண்) சரியில்லை என்று பைக் கடனை என் பெயரில் எடுத்தோம். அதனால் ஆர்சி புத்தகமும் என் பெயரில். ஓட்டியது அவன். மாதா மாதம் தவணைப் பணத்தை ஜிபேயில் அனுப்பிவிடுவான், என் கணக்கிலிருந்து பிடித்தம் ஆகும். பிரிந்ததும் அனுப்புவது நின்றது. பிடித்தம் நிற்கவில்லை.

கேட்டதற்கு, "நான் உனக்குச் செலவு பண்ணதையும் கணக்குப் பார்க்கலாமா?" என்றான். ஹோட்டல் பில், பிறந்தநாள் புடவை, ஏற்காடு போன பெட்ரோல் எல்லாம் பட்டியலாக வந்தது. புடவையைத் திருப்பித் தரத் தயார் என்றேன். அதற்கு நான் இன்னும் பிளவுஸ்கூடத் தைக்கவில்லை.

தவணையைவிட எரிச்சல், போலீஸ் ஃபைன் மெசேஜ்கள். ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் என்று என் போனுக்கு வரும். திறந்து பார்த்தால் போட்டோவில் பின் சீட்டில் வேறொரு பெண். அவளும் ஹெல்மெட் போடவில்லை!

அலுவலகத்தில் ஓர் அண்ணா சொன்னதுதான் தூக்கத்தைக் கெடுத்தது. அவன் யார்மீதாவது மோதி, இன்சூரன்ஸும் காலாவதியாகி இருந்தால், நஷ்ட ஈடு உன் தலையில்தான்மா விழும் என்றார். வண்டியைக் கைமாற்றி விற்றிருந்தால்கூட, ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். அப்புறம் எனக்குப் பழைய பாக்கி முக்கியமாகத் தெரியவில்லை. அவனுடைய அம்மாவுக்குப் போன் போட்டேன். "வண்டியைக் கொண்டுவந்து விடச் சொல்லுங்கம்மா, இல்லைன்னா ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துடுவேன்" என்றேன். மறுநாளே வந்துவிட்டது, ஒற்றைச் சாவியோடு. கையிலிருந்து பணம் போட்டுக் கடனை முடித்து, கடன் பாக்கி இல்லை என்ற என்ஓசி சான்று வாங்கி விற்றேன். நஷ்டம்தான், ஆனால் ஃபைன் மெசேஜ் வருவதில்லை.

மதுரையிலிருந்து:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. நான் காதலித்தவரின் அப்பாவின் ஆபரேஷனுக்கு 2 லட்சம் கொடுத்திருந்தேன். பிரிந்த பிறகு கேட்கக் கூச்சம், அப்படியே விட்டிருந்தேன். தெரிந்த வக்கீல்தான் திட்டினார். கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும், தாண்டினால் கோர்ட்டில் எடுபடாது. அதற்குள் கடன்பட்டவர் "பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றிலிருந்து புதிதாக 3 வருடம் ஓடும். "வாட்ஸ்அப்பில் 'தந்துடறேன்'னு இருக்கே சார்" என்றேன். அதை நம்பி உட்காராதே, பேப்பரில் வாங்கு என்றார்.

நேரில் போய்க் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், மறுபேச்சில்லாமல் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிப் புரோநோட்டு எழுதித் தந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார். கடைசித் தொகையை அனுப்பியது அவருடைய கணவர். நன்றி சொல்லி மெசேஜ் போடலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு கும்பிடு மட்டும் அனுப்பினேன்.

திருச்சியிலிருந்து:

தம்பி, உங்களுக்காவது கையெழுத்துக் கிடைத்தது. நாங்கள் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து இருந்தவர்கள். என் நகையை அடகு வைத்து, பிஎஃப் பணத்தையும் எடுத்து வாங்கிய மனை அவர் பெயரில் பதிவானது. பிரிந்த பிறகு வக்கீலிடம் போனால், ஒருவர் பணத்தில் இன்னொருவர் பெயரில் சொத்து வாங்குவதைத் தடுக்கும் பினாமி சட்டத்தில் கணவன் மனைவிக்குள் என்றால் விலக்கு உண்டு, உங்களுக்கு அது இல்லை, என் பணத்தில் வாங்கியது என்று இடத்தைக் கேட்டு வழக்குப் போட அந்தச் சட்டமே தடை என்கிறார். அடகு ரசீது என் பெயரில், பத்திரம் அவர் பெயரில்.

இப்போது அவருடைய தம்பி மூலமாகப் பேச்சு நடக்கிறது. நகையை மீட்கும் தொகையையாவது தருகிறோம் என்கிறார்கள். எழுதித் தரத்தான் மாட்டார்களாம்.