ஆங்மரிங்கில் வீடு வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

கேள்வி:
இங்கிலாந்தில், மேற்கு சஸ்ஸெக்ஸில் ஆங்மரிங் பக்கம் வீடு பார்க்கிறோம். வடக்கே சவுத் டவுன்ஸ் குன்றுகள், தெற்கே கடல், கடை, பள்ளி, ரயில் எல்லாம் கிட்டவே. வாரத்தில் 2 நாள் லண்டன் விக்டோரியா போகணும். மகள் அடுத்த செப்டம்பரில் செகண்டரி பள்ளி சேரணும். முன்கூட்டியே எதைக் கவனிக்கணும்?

பதில் 1:
ஸ்டேஷன் ஊர் நடுவில் இல்லை. தெற்கே, பக்கத்து ஊரான ஈஸ்ட் பிரெஸ்டன் ஓரத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து ஒருமுறை நடந்தே பாருங்கள். விக்டோரியாவுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். உங்களுக்கு ஃப்ளெக்ஸி சீசன் டிக்கெட் சரியாகப் பொருந்தும்: 28 நாளுக்குள் 8 நாள் பயணம். நெட்வொர்க் ரயில்கார்டு என்ற கட்டணச் சலுகை அட்டை வார நாட்களில் காலை 10 மணிக்கு முன் செல்லாது, அதனால் ஆபீஸ் பயணத்துக்கு அதை நம்ப வேண்டாம். காரில் லண்டன் பக்கம் போவதென்றால் வொர்திங் வழியே ஏ27 சாலையில் மாட்டாதீர்கள். ஏ280 பிடித்து லாங் ஃபர்லாங் வழியாக ஃபின்டனில் ஏ24-க்கு ஏறிவிடலாம்.

பதில் 2:
தண்ணீர் விஷயத்தை யாரும் முன்னாடியே சொல்வதில்லை. இங்கே சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வரும் நீர், நம்மூர் உப்புத் தண்ணீர் மாதிரியே பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். காம்பி பாய்லர் (தொட்டியில் சேர்க்காமல், குழாயைத் திறந்ததும் தண்ணீரைச் சூடாக்கும் பாய்லர்) இருந்தால் ஷவரைத் திறந்து ஐந்து நிமிடம் விடுங்கள். சூடும் குளிருமாக மாறி மாறி வந்தால், உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் சுண்ணாம்பு அடைத்திருக்க வாய்ப்புண்டு. விலை பேசும்போது அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று நிலத்தடி நீர். குன்று குடித்த மழை மெதுவாகத்தான் கீழே இறங்கும்; குளிர்காலக் கடைசியில், வானம் வெளுத்த பிறகும் ஊற்றெடுக்கும். விரிசல் விட்ட கழிவுநீர்க் குழாய்க்குள் அது புகுந்தால் டாய்லெட் இறங்காது. ஆற்று வெள்ளம், கடல் வெள்ளம் இரண்டுக்கும் ஆபத்து 'குறைவு' என்று அறிக்கையில் வந்தாலும் நிலத்தடி நீரைத் தனியாக விசாரிக்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தண்ணீரின் சுண்ணாம்பை எடுக்கும் சாஃப்ட்னர் போட்டால் அந்தத் தண்ணீரையே குடிக்கலாமா?

பதில் 2:
சமையலறையில் ஒரு குழாயை மட்டும் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்து விடச் சொல்லுங்கள். சாஃப்ட்னர் சோடியத்தைக் கூட்டும். குழந்தைக்குப் பால்மாவு கரைக்கவும் உப்பைக் குறைக்க வேண்டியவர்களுக்கும் அது ஆகாது.

பதில் 3:
பள்ளிக்குத்தான் அவசரம். விண்ணப்பக் கடைசி நாள் அக்டோபர் 31, முடிவு வருவது மார்ச் 1. வீடு இன்னும் கைக்கு வராவிட்டாலும் இப்போதைய கவுன்சில் வழியாகவே நாளுக்குள் போட்டுவிடுங்கள். தாமதமானால் மற்றவர்களுக்கு இடம் கொடுத்த பிறகுதான் பார்ப்பார்கள். காண்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் (வீட்டு ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் கட்டம்) ஆனதும், அதை உறுதிசெய்யும் வக்கீல் கடிதத்தை அனுப்பிப் புது முகவரியைக் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.