மாடி ஒழுகுகிறது: தட்டோட்டைப் பெயர்ப்பதா, மேலே பெயின்ட் பூசுவதா?

திருவாரூர்ப் பெண்:

வணக்கம். திருவாரூரில் அம்மா தனியாக இருக்கும் வீட்டைப் பற்றியது. 1998-ல் அப்பா கட்டியது. ஒன்பது சதுரம், ஒரே தளம், மேலே சுருக்கி போட்டுத் தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதித்த மொட்டை மாடி. போன ஐப்பசி மழையில் கூடத்தில் மின்விசிறி கொக்கியைச் சுற்றி ஈரம் பரவியது. படுக்கையறை மூலையில் பெயின்ட் உப்பி உரிகிறது. சமையலறை சீலிங்கில் கையகலத்துக்குக் காரை விழுந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது.

இரண்டு கான்ட்ராக்டர்களைக் கேட்டேன். முதலாமவர் கூடத்தில் நின்றபடியே பார்த்துவிட்டு, "மேலே வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தால் போதும், பத்து வருடம் கேரண்டி" என்றார். பாதிப் பணம் முன்பணமாக வேண்டுமாம். இரண்டாமவர் மாடி ஏறிப் பார்த்தார். தட்டோடு, சுருக்கி எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார். செலவு முதலாமவர் சொன்னதைப் போல நான்கு மடங்கு. ஆவணி முடியப் போகிறது, மழைக்கு முன் ஏதாவது செய்தாக வேண்டும். நான் பெங்களூரில் இருக்கிறேன், சனி ஞாயிறுதான் வர முடியும். யார் சொல்வதை நம்புவது? அவர்களிடம் என்ன கேட்பது?

கும்பகோணம் சைட் இன்ஜினியர்:

தங்கச்சி, இப்போதைக்கு இரண்டு பேருக்கும் பணம் கொடுக்காதீர்கள். தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று இருவருமே பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் சொல்லும் எந்த விலையும் உங்கள் வீட்டுக்கான விலை இல்லை.

உங்கள் மாடியில் என்னென்ன இருக்கிறது என்று முதலில் சொல்கிறேன். அடியில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். அதன் மேல் சுமார் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கி. அந்தக் காலத்தில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். வெயில் கீழே இறங்காமல் தடுப்பது, மழைத்தண்ணீரைக் குழாய்ப் பக்கம் சரித்து விடுவது, இரண்டும் அதன் வேலை. அதற்கும் மேலேதான் தட்டோடு. ஓட்டுக்கு ஓடு உள்ள இணைப்பு விரிசல் விட்டால் தண்ணீர் சுருக்கிக்குள் போய்விடும். செங்கல் ஜல்லி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் கான்கிரீட் மேலேயே பக்கவாட்டில் ஊர்ந்து, எங்கே சின்ன வழி கிடைக்கிறதோ அங்கே சொட்டும். உங்கள் கொக்கி அப்படிப்பட்ட வழிதான். ஓட்டை கொக்கிக்கு நேர் மேலே இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, பத்தடி தள்ளியும் இருக்கலாம்.

ஊறிய சுருக்கியின் மேல் பெயின்ட் அடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் மேலே ஆவியாக முடியாமல் கீழேதான் இறங்கும். வெயில் ஏறியதும் பெயின்ட் கொப்புளம் விடும். கூடத்தில் நின்று விலை சொன்னவரை இதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது செய்ய வேண்டியது இது. மாடியைப் பெருக்கிவிட்டு நாலு வாளித் தண்ணீரை அங்கங்கே ஊற்றுங்கள். குழாய்ப் பக்கம் ஓடுகிறதா, எங்காவது தேங்குகிறதா என்று பாருங்கள். ஒரு தடியால் ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். அடியில் பிடிப்பு விட்ட ஓடு பொள்ளலாகச் சத்தம் கொடுக்கும், அதில் சாக்பீஸால் குறி போடுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் சரிவாகப் பூசியிருக்கும் கோவிங்கை முழுக்கச் சுற்றி வந்து பாருங்கள். படுக்கையறை மூலையில் ஈரம் என்றால் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான். மழைநீர்க் குழாயின் வாய், டிஷ் ஆண்டெனாவுக்குப் போட்ட துளை, தண்ணீர்த் தொட்டி மேடை, இவற்றையும் விடாதீர்கள்.

அப்புறம் படுக்கையறைப் பக்கம் குழாய் வாயை ஈரத்துணியால் அடைத்து, களிமண் வரப்பு கட்டி, ஓர் அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் முழுக்க விடுங்கள். கீழே எப்போது, எந்த இடத்தில் கசிகிறது என்று எழுதி வையுங்கள். சமையலறைக்கு மேலே மட்டும் தண்ணீர் தேக்கவே கூடாது. துரு, இரும்பை விட அதிக இடம் பிடிக்கும், அது உப்பித்தான் காரையைத் தள்ளியிருக்கிறது. அந்த இடத்துத் தளம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை அம்மாவை அந்த இடத்துக்கு நேர் கீழே நின்று சமைக்க விடாதீர்கள், அடுப்பைத் தள்ளிப் போடுங்கள். வெறும் சிமென்ட் கலவையை அப்பி மூட யாரையும் விடாதீர்கள், அது மறுபடி விழும். உதிரும் கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பித் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூசி, அதன் பிறகு பாலிமர் கலந்த கலவையால் கட்ட வேண்டும்.

ஒரு கேள்வி. மழையே இல்லாத வைகாசியிலும் சமையலறை சீலிங் ஈரமாக இருந்ததா? அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்:

ஐயா சொன்னதோடு, எழுதிக் கையெழுத்து வாங்கும் விஷயத்தையும் சேர்க்கிறேன். எங்கள் மாடி வேலையில் கூலியை விட இதில்தான் சண்டை வந்தது. அளவு எத்தனை சதுர அடி, கோவிங்கும் கைப்பிடிச் சுவரும் அதில் சேருமா, பெயர்த்த குப்பையை அள்ளுவது யார் செலவு, எந்தப் பொருள் எத்தனை கோட், எல்லாம் தாளில் வர வேண்டும். டின்னை உங்கள் ஆள் முன்னால்தான் திறக்க வேண்டும். பத்து வருட கேரண்டி என்கிறாரே, அதைத் தன் லெட்டர்பேடில் எழுதித் தருவாரா என்று கேளுங்கள். பொருளுக்கு மட்டுமா, செய்த வேலைக்கும் சேர்த்தா என்பதும் அதில் இருக்கட்டும். முன்பணம் பொருள் வாங்கும் அளவுக்குப் போதும். கடைசித் தவணையைத் தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகு கொடுங்கள். ரசீதை விடவே விடாதீர்கள். பிரச்சினை வந்தால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம், வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, பிரச்சினை வந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

திருவாரூர்ப் பெண்:

ஐயா, ஊருக்குப் போய் நீங்கள் சொன்னபடியே செய்தேன். படுக்கையறைக்கு மேலே கோவிங் நீளமாகப் பிளந்திருக்கிறது, தண்ணீர் நிறுத்திய மாலையே மூலை ஈரமானது. கூடத்துக் கொக்கி மறுநாள் காலையில்தான் நனைந்தது. பொள்ளல் ஓடுகள் எல்லாம் அந்த ஒரு பக்கத்தில்தான், மற்ற இடம் கெட்டியாக இருக்கிறது.

சமையலறை வருடம் முழுக்க ஈரம்தான் என்கிறார் அம்மா. மேலே தொட்டி இருக்கிறது. அது நிரம்பி வழியும் தண்ணீர் தினமும் ஓட்டின் மேலேயே விழுகிறது, அங்கேயே தேங்குகிறது.

கும்பகோணம் சைட் இன்ஜினியர்:

அப்போது சமையலறைக்கு மழை காரணமே இல்லை. வழியும் குழாயை நீட்டி மழைநீர்க் குழாயில் விடச் சொல்லுங்கள், மோட்டாருக்கு ஆட்டோமேட்டிக் சுவிட்ச் போடுங்கள். இதை ஒரு பிளம்பர் ஒரே நாளில் முடித்துவிடுவார், நாளைக்கே ஆளை வரச் சொல்லுங்கள். கம்பி வேலை அந்த இடம் காய்ந்த பிறகு.

முழுசாகப் பெயர்க்க வேண்டாம். கெட்டியான சுருக்கியை இடிப்பது பாவம், இனி அந்தத் தரத்தில் போட ஆள் கிடைப்பது கஷ்டம். அதிலும் புரட்டாசியில் பெயர்த்தால் வெறும் கான்கிரீட்டில் மழை நேராக இறங்கும். பொள்ளல் ஓடுகளை மட்டும் எடுத்து, அடியில் ஊறிய சுருக்கியையும் அள்ளி, இரண்டு மூன்று வெயிலில் காயவிட்டுத் திரும்பப் பதிக்கட்டும். பழைய ஓட்டின் மேலே இன்னொரு அடுக்கு ஓடு வேண்டாம், தளத்துக்கு வீண் பாரம். கோவிங்கை வெட்டி எடுத்துப் புதிதாகக் கட்டி, கைப்பிடிச் சுவரில் ஓரடி உயரம் வரை வலைத்துணி வைத்து வாட்டர்ப்ரூஃப் கோட் அடிக்கட்டும். மாடி முழுக்கப் பூசும் எண்ணம் இருந்தால் தை கழிந்து பார்க்கலாம்.

மாடி ஏறிப் பார்த்த இரண்டாமவரையே கூப்பிட்டு, நீங்கள் போட்ட சாக்பீஸ் குறிகளைக் காட்டுங்கள். இந்த அளவுக்கு மட்டும் விலை கேளுங்கள். முழுசாகப் பெயர்த்தால்தான் வருவேன் என்றால் வேறு ஆள் பார்க்கலாம். கும்பகோணத்தில் எனக்குத் தெரிந்த இரண்டு மேஸ்திரிகள் இருக்கிறார்கள், தனி மடலில் எண் தருகிறேன்.